குங்குமப்பூ போட்ட கஞ்சி

மனிதர்களில் ஃபூடி என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் இருக்கிறது என்றாலும் காஞ்சிபுரத்தில் இப்போது தெருவுக்கு இரண்டு பேராவது கிடைக்கிறார்கள். இவர்களைச் சாப்பாட்டு ராமன்களோடு சேர்த்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார்கள். சாப்பாட்டு ராமன் இலையைப் பார்த்தால் சாப்பிடுவான், முடிந்ததும் ஏப்பம் விடுவான், எழுந்துபோய்க் கை கழுவுவான். அவனிடம் ஒளிவு மறைவு கிடையாது. ஃபூடி அப்படியல்ல. ஃபூடி சாப்பாட்டைப் பார்ப்பான், படம் எடுப்பான், தட்டைத் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுப்பான், அதன் பூர்வீகத்தை விசாரிப்பான், அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவான், பேசியதைத் தானே ஒரு தடவை போட்டுக் கேட்பான், இவ்வளவும் முடிந்து நேரம் இருந்தால் சாப்பிடுவான்.

நேரம் இருக்காது.

ஃபூடியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறீர்களா? ரொம்பச் சுலபம். ஓட்டலில் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே இடம் தேடும்போது, ஒருவன் மட்டும் ஜன்னல் வெளிச்சம் எந்த மேசையில் விழுகிறது என்று கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன்தான். முதல் வாய் போட்டதும் கண்ணை மூடிக்கொள்வான். இறந்துபோன யாரையோ நினைக்கிறான் என்று நீங்கள் பயப்பட வேண்டாம். மிளகு தட்டுப்படுகிறதா என்று பார்க்கிறான். பிறகு தலையை மேலும் கீழுமாக மூன்று முறை ஆட்டி, "வேற லெவல்" என்பான். சாம்பார், ரவா கேசரி, கரும்புச் சாறு எல்லாவற்றுக்கும் அதே லெவல்தான். கல்யாணத்துக்குப் போனால் மேடைப் பக்கம் போகமாட்டான், நேராகச் சமையல்கூடத்துக்குப் போய் மாஸ்டரின் அப்பா பெயரைக் கேட்பான். காரியத்துக்குப் போன வீட்டில் அழுதுகொண்டிருந்தவரின் தோளைத் தொட்டு, "மோர்க்குழம்பு யார் வெச்சது?" என்று மெதுவாகக் கேட்ட ஃபூடிகூட உண்டு. அந்த ஃபூடியின் பெயர் இளங்கோவன். அழுதுகொண்டிருந்தவர் அவனுடைய சொந்தப் பெரியப்பா.

இளங்கோவன் ஓரிக்கையில் குடியிருக்கிறான். பைக் ஷோரூம் ஒன்றில் சர்வீஸ் கவுன்டரில் வேலை. 'காஞ்சி நாக்கு' என்ற பெயரில் போனில் ஒரு பக்கம் வைத்திருக்கிறான். அதை நானூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்கிறார்கள். அதில் அறுபது பேர் உறவுக்காரர்கள், இருபது பேர் சர்வீஸுக்கு வண்டி விட்டவர்கள், வேறு வழியில்லை. அவனுக்கு ஒரு பெண்டாட்டியும் இருக்கிறாள். பெயர் பிரவீனா. தென்னேரிப் பெண். டவுனில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் விற்பனைப் பிரிவில் நிற்கிறாள். இந்தக் கதை உண்மையில் அவளுடையது. ஃபூடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஃபூடியிடம் கேட்கக்கூடாது, பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் பிரவீனா ஏமாந்துதான் போனாள். அவள் வார்த்த முதல் தோசையை அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்து, குனிந்து பார்த்து, ஸ்டூல்மேல் ஏறியும் பார்த்தான். என் தோசையை இவ்வளவு ஆசையாக யாராவது பார்த்திருக்கிறார்களா என்று அவளுக்குக் கண் கலங்கியது. இரண்டாம் வாரத்தில்தான் விஷயம் புரிந்தது. அந்த ஒரு வருஷத்தில் அவள் ஆறின தோசை சாப்பிட்டாள், நெய் உறைந்து வெள்ளையாகிப்போன பொங்கல் சாப்பிட்டாள், ஆடை படிந்த டீ குடித்தாள், பூரி என்பது தட்டையாகத்தான் இருக்கும் என்று நம்ப ஆரம்பித்தாள். ஐஸ்கிரீம் ஒன்றுதான் அவளுக்குக் கொஞ்சம் சூடாகக் கிடைத்தது.

தட்டில் கை வைக்கப் போனால் அவன் உள்ளங்கை குறுக்கே வந்துவிடும். "இரு இரு, ஆவி ஷாட்" என்பான். ஆவி ஷாட் எடுப்பதற்குள் ஆவி போய்விடும். ஆவிக்காக இன்னொரு தட்டு வாங்குவான். வீடியோ ஓடும்போது பக்கத்தில் இருப்பவர்கள் பேசக்கூடாது, இருமக்கூடாது, மூக்கை உறிஞ்சக்கூடாது. அதற்கும் அதே உள்ளங்கைதான்.

முதல் கல்யாண நாள் வந்தது. என்ன வேண்டும் என்று இளங்கோவன் ஆசையாகக் கேட்டான். பிரவீனா இதை ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தாள்.

"புடவை வாணாம், ஒண்ணும் வாணாம். சூடா ஒரு தோசை. தட்டுல வுழுந்தவுடனே சாப்புடணும். அன்னிக்கும் ஆறிப்போச்சின்னா நேரா தென்னேரிக்கு பஸ் ஏறிடுவேன். ஒரு மாசம் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

சிரித்துக்கொண்டே சொல்லவில்லை. சொன்னதோடு நிற்காமல் ஒரு பையில் இரண்டு சுடிதாரை மடித்து வைத்தாள். இளங்கோவன் பையைப் பார்த்துக் கலங்கிப்போய்த் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான், போட்டோவே எடுக்க மாட்டேன் என்று. ஆனால் ஃபூடி சத்தியம் செய்தாலும் ஃபூடிதானே? தோசை எங்கேயும் கிடைக்கும், கல்யாண நாளுக்குப் போய்த் தோசையா, ஒரிஜினல் கோயில் இட்லி வாங்கித் தருகிறேன் என்றான். மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட மாவை ஊற்றி, மணிக்கணக்காக வேகவைக்கிற அந்த இட்லிதான். அதுவும் ஒன்பதரை மணிக்கு அவள் கடையில் இருக்க வேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடலாம் என்றான். முந்தின நாள் ராத்திரி அவளைச் சாப்பிட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். வெறும் வயிறாக இருந்தால்தான் நாக்கு சுத்தமாக இருக்குமாம். சுத்தமான நாக்கோடும் காய்ந்த வயிற்றோடும் பிரவீனா பைக்கில் ஏறினாள். துணிப் பையையும் கையோடு எடுத்துக்கொண்டாள்.

முதல் கடையில் இட்லி வந்தது. ஆவியும் வந்தது. பிரவீனா விரலை நீட்டினாள், உள்ளங்கை குறுக்கே வந்தது. சத்தியம் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "போட்டோதான் எடுக்க மாட்டேன்னு சொன்னேன். இது வீடியோ" என்றான். வீடியோவுக்காக இட்லியைப் பிய்த்து மோந்து பார்த்தவன் முகம் சுருங்கியது. மந்தாரை இலை வாசம் இல்லை, இது டம்ளரில் ஊற்றி வேகவைத்தது என்று மேசையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு எழுந்துவிட்டான். அவன் கை கழுவி வருவதற்குள் பிரவீனா ஒரு வாய் போட்டுக்கொண்டாள். ஆறியிருந்தது.

இரண்டாவது கடையில் இலை இருந்தது. ஆனால் பின்கட்டில் எட்டிப் பார்த்தான், காஸ் சிலிண்டர் இருந்தது. விறகு இல்லாத இடத்தில் பாரம்பரியம் எப்படி இருக்கும்? தட்டு வருவதற்கு முன்பே கிளம்பச் சொன்னான். மூன்றாவது கடையில் இலையும் இருந்தது, விறகும் இருந்தது, வாசலில் பெரிய போர்டும் இருந்தது. போர்டைப் பார்த்ததும் அவன் வண்டியை நிறுத்தவே இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போர்டு வைத்த கடையை எந்த ஃபூடியும் மதிக்கமாட்டான். போர்டு இருந்தால் எல்லோருக்கும் தெரியும்; எல்லோருக்கும் தெரிந்ததைக் கண்டுபிடிப்பதில் என்ன பெருமை? கடைக்குப் பெயர் இருக்கக்கூடாது, சந்துக்குள் இருக்க வேண்டும், பாத்திரம் கரி பிடித்திருக்க வேண்டும், விற்பவர் சிரிக்கக்கூடாது. உட்கார இடமே இல்லாவிட்டால் இன்னும் உசத்தி. அதைப் பார்த்த ஃபூடி தங்கச் சுரங்கத்தில் காலை வைத்தவன் மாதிரி அப்படியே நின்றுவிடுவான்.

இளங்கோவன் அப்படித்தான் நின்றான், பிள்ளையார்பாளையத்தில் ஒரு குறுகலான தெருவின் முனையில். எதிரே ஒரு வீட்டு வாசற்படியில் ஒரு குண்டான், வெளியெல்லாம் கரி. அதில் வெள்ளையாக, கொழகொழவென்று கஞ்சி. மேலே ஒரு கொட்டாங்கச்சி அகப்பை. பக்கத்தில் நாலைந்து பித்தளைச் சொம்புகள். தெரு நீளத்துக்கு ஆட்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், ஒருவரும் பேசவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை.

"பாத்தியா க்யூவ" என்று இளங்கோவன் மூச்சே வராமல் சொன்னான். போர்டு இல்லை, பெஞ்சு இல்லை, காலை ஏழரை மணிக்கே கூட்டம். நேரலையைப் போட்டுவிட்டான்.

அது க்யூ இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெசவு வீடுகளில் தறியில் ஏற்றுவதற்கு முன்னால், புடவையின் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலைத் தெருவில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து, கையால் நீவி, வெயில் ஏறுவதற்குள் காயவைப்பார்கள். அந்தக் கஞ்சியில்தான் நூல் விறைப்பாக நிற்கும். வரிசையாக நின்றவர்கள் பாவில் கோத்த கழிகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். இளங்கோவன் இதே ஊரில் வளர்ந்தவன், தெருவில் பாவு நீட்டியிருப்பதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான், வழி விடவில்லை என்று ஹாரன்கூட அடித்திருக்கிறான். ஆனால் ஃபூடியின் கண்ணில் ஒரு பாத்திரம் பட்டுவிட்டால் அதைச் சுற்றியிருக்கிற உலகம் மங்கிவிடும்.

பிரவீனாவுக்குத் தெரியும். புடவை வாங்க வருகிற வெளியூர்க்காரர்களுக்குப் பாவு என்றால் என்ன, ஊடை என்றால் என்ன, எதற்குக் கஞ்சி போடுகிறார்கள் என்று தினம் பத்து தடவை ஒப்பிக்கிறவள் அவள். "ஏங்க, அது வந்து" என்று ஆரம்பித்தாள். உள்ளங்கை குறுக்கே வந்தது. ஒரு நிமிஷம் பொறுத்து, "அது சாப்புடறது" என்று மறுபடி ஆரம்பித்தாள். உள்ளங்கை இன்னும் உயரமாக வந்தது, கூடவே ஒரு முறைப்பும். மூன்றாவது தடவையும் சொல்லலாமா என்று நினைத்தாள். அப்போது அவள் வயிறு ஒரு சத்தம் போட்டது. வாயை மூடிக்கொண்டாள். துணிப் பையை மட்டும் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

இளங்கோவன் ஒரு சொம்பு மொண்டு குடித்தான். கண்ணை மூடினான். தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவன் உண்மையிலேயே குடிக்கிறான் என்று நம்ப அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உப்பே போடல, மக்களே" என்றான் போனைப் பார்த்து. "உப்ப நம்பாத சமையல் இது. லேசா ஒரு புளிப்பு. கடைசியில தொண்டையில எறங்கறப்ப அப்டியே பட்டு மாரி இருக்குது."

இரண்டாவது சொம்பில் ஏதோ ஓர் இழை நாக்கில் தட்டுப்பட்டது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மெல்லிசாக, சிவப்பாக. அவன் குரல் தழுதழுத்தது. குங்குமப்பூ. பிள்ளையார்பாளையத்துச் சந்தில், வாசற்படியில் வைத்து ஊற்றுகிற கஞ்சியில் குங்குமப்பூ. ராஜாக்கள் குடித்த கஞ்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டு, இழையை மறுபடி வாயில் போட்டு நிதானமாக மென்றான். அது இலேசில் மெல்லப்படவில்லை. அசல் குங்குமப்பூ அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னான். எப்போதும் ஒன்பது பேர் பார்க்கிற அவன் நேரலையை இப்போது நூற்று நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடம் எங்கே என்று கேட்டார்கள். பார்சல் உண்டா என்று கேட்டார்கள்.

அதற்குள் பாவுக்குச் சொந்தக்காரரான கந்தன் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்துவிட்டார். ஐம்பது வயது. அவசரப்படாத மனிதர். குண்டானை ஒரு முறை எட்டிப் பார்த்தார், சொம்பை ஒரு முறை பார்த்தார்.

"தம்பி, சொம்ப வெச்சிடுபா. அது பாவுக்குப் போடற கஞ்சி."

இங்கே நீங்களும் நானுமாக இருந்தால் சொம்பை வைத்துவிட்டு ஓடியிருப்போம். ஃபூடிக்குப் பின்வாங்கத் தெரியாது. பெரியவர் அடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்ட இளங்கோவன், போனை அவர் பக்கம் திருப்பி, எத்தனை தலைமுறையாக இந்தக் கஞ்சி காய்ச்சுகிறீர்கள் என்று பணிவாகக் கேட்டான்.

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலருந்து காய்ச்சறோம்" என்றார் கந்தன். "யாரும் குடிச்சதில்ல."

நூற்று நாற்பது பேரும் அதைக் கேட்டார்கள். இளங்கோவன் சொம்பைக் கீழே வைத்தான். "அப்ப குங்குமப்பூ?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அது நூலுபா. போன வாரம் அரக்குக் கலர் பாவுக்கு அதே குண்டான்லதான் கஞ்சி கலக்கினது. ஒட்டிக்கினு இருந்திருக்கும்."

உள்ளேயிருந்து கந்தனின் மனைவி கிருஷ்ணம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் கவலைப்பட்டது நூலைப் பற்றித்தான். முழுங்கிவிட்டானா என்று கேட்டார். முழுங்கிவிட்டான் என்றார்கள். "பரவால்ல, சுத்தமான பட்டு" என்று ஆறுதல் சொன்னார். நெட்வொர்க் சரியில்லை என்று போனிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இளங்கோவன் நேரலையை அணைத்தான். பிறகுதான் பயம் பிடித்தது. நூலை விறைப்பாக நிற்கவைக்கிற கஞ்சி வயிற்றுக்குள் போனால் குடல் விறைத்துக்கொள்ளுமா என்று கேட்டான். வெறும் அரிசியும் ஒரு கை நல்லெண்ணெயும்தான், ஒன்றும் ஆகாது என்று கிருஷ்ணம்மாள் சொன்னார். இருந்தாலும் அவன் இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டான்.

கந்தனின் கவலை வேறு. இரண்டு சொம்பு கஞ்சி குறைகிறது. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. மறுபடி காய்ச்சி ஆற்றி எடுக்கும்வரை பாவைத் தொய்யவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும், கடைசி முனையைப் பிடிக்க வருகிற ஆள் அன்றைக்குப் பார்த்து வரவில்லை.

"வா தம்பி. அந்தக் கழியப் புடி. ரெண்டு கையாலயும். வுட்டன்னா மூணு பொடவை நூலும் சிக்காயிடும்."

ஏன் பிடிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. குடித்தவனுக்குத் தெரியாதா? இளங்கோவன் போனைச் சட்டைப் பையில் போட்டான், கழியை இரண்டு கையாலும் பிடித்தான், தெருவின் கடைசியில் போய் நின்றான். கல்யாணமான நாளிலிருந்து அவனுடைய இரண்டு கையும் ஒரே நேரத்தில் போனை விட்டு விலகியிருந்தது அப்போதுதான்.

பிரவீனா அதைப் பார்த்தாள். துணிப் பையோடு தெருமுனைப் பக்கம் திரும்பியிருந்தவள் அப்படியே நின்றாள்.

"நீ சாப்டியாமா?" என்று கிருஷ்ணம்மாள் கேட்டார்.

பிரவீனா இல்லை என்று தலையாட்டினாள். கஞ்சி காய்ச்ச அரிசியை உலையில் போட்டுவிட்டு, பக்கத்து அடுப்பில் கிருஷ்ணம்மாள் கல்லைப் போட்டார். இரண்டு நிமிஷத்தில் வாசற்படியில் உட்கார்ந்திருந்த பிரவீனாவின் மடிமேல் ஒரு தட்டு வந்தது. தட்டில் தோசை. ஓரமெல்லாம் சிவந்து, நடுவில் மெத்தென்று, ஆங்காங்கே கண் திறந்து. அதிலிருந்து கிளம்பிய ஆவி, எதிர்வீட்டுச் சுவரைத் தாண்டி அப்போதுதான் எட்டிப் பார்த்த காலை வெயிலில் பட்டுப் பொன்னிறமாகச் சுருண்டு சுருண்டு மேலே போனது. நானூற்றுப் பன்னிரண்டு பேருக்காக இளங்கோவன் ஒரு வருஷமாகத் தேடிய ஆவி ஷாட் அதுதான். அதற்கும் அவனுக்கும் நடுவே மூன்று புடவை நூல்.

"பிரவீ, ஒண்ணே ஒண்ணு" என்று அங்கிருந்து கெஞ்சினான். "உன் போன்லயாவது எட்றீ. ஒரே நிமிஷம்."

"தம்பி, கை ஆடுது" என்றார் கந்தன்.

பிரவீனா தோசையைப் பிய்த்தாள். விரல் சுட்டது. ஊதினாள், வாயில் போட்டாள், நாக்கும் சுட்டது. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சூட்டினாலா வேறு எதனாலா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. முதல் தோசை போனது, கேட்காமலே இரண்டாவது வந்தது, அது போய் மூன்றாவது வந்தது. இளங்கோவன் கழியைப் பிடித்தபடி எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தான். பொறுக்க முடியாமல், எப்படி இருக்கிறது என்றாவது சொல்லேன், ஒரு வார்த்தை சொல்லேன் என்று கேட்டான்.

பிரவீனா யோசித்தாள்.

"சூடா இருக்குது" என்றாள்.

துணிப் பை அன்று தென்னேரிக்குப் போகவில்லை. அவள் கடைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அவன் வேலைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தான், காரணம் கேட்டவர்களிடம் சொல்லவில்லை. நேரலை மட்டும், கந்தன் வருவதற்கு முந்தின பாதியோடு யாரோ வெட்டிவிட, ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குங்குமப்பூக் கஞ்சி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு மூன்று பேர் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தார்கள், அதற்கடுத்த வாரம் ஏழு பேர். கந்தன் அவர்களோடு சண்டை போடவில்லை. குண்டானை வீட்டுக்குள் வைத்துவிட்டு, ஆளுக்கொரு கழியைக் கையில் கொடுத்தார். இப்போது அவருக்குப் பாவு பிடிக்க ஆள் பஞ்சமே இல்லை.

இவ்வளவுதான் கதை. நீங்கள் சிரித்திருந்தால் சந்தோஷம். நான் அந்த இனம் இல்லை, சாப்பாட்டை நான் படமே எடுப்பதில்லை என்று நிம்மதியாகவும் இருக்கிறீர்கள். இருங்கள். கிருஷ்ணம்மாள் வீட்டில் பிரவீனா மூன்று தோசை சாப்பிட்டாளே, தொட்டுக்கொள்ள என்ன கொடுத்தார்கள் என்று நான் சொல்லவே இல்லை. அவளும் கேட்கவில்லை. வெங்காயச் சட்னியா, கடலைச் சட்னியா, முந்தின நாள் குழம்பா, கல் இரும்புக் கல்லா, மாவு எந்த அரிசி என்று அந்த இடத்திலிருந்து உங்கள் மனசுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே வந்திருக்குமே, வரவில்லையா?

வந்தது என்றால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி, பிள்ளையார்பாளையம். ஒரு கழி காலியாகத்தான் இருக்கிறது.